நாலு நொடிக்கு ஒரு சுருதி

அக்டோபர் 6, திங்கள்

இந்த நோட்டு நான் ஆசைப்பட்டு வாங்கியது அல்ல. என் கொழுந்தனார் மதியழகன் காலையில் கடைக்குப் போய் வாங்கி வந்து, நான் இட்லி மாவு அளந்து விற்கிற மேடை மேல் வைத்தார்.

"அண்ணி, நான் திரும்பி வர்ற வரைக்கும் தினமும் இதுல எழுதணும்."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். "எழுதுறேன் தம்பி. வந்து படிச்சுட்டு, தையல்நாயகி இத்தனை வருஷம் இட்லி மாவு அரைச்சே வீணாப் போயிட்டாளேன்னு அழக் கூடாது" என்றேன். சிரிக்கவில்லை. அவர் சிரிக்க வேண்டுமானால் நாம் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

எழுத வேண்டியது என்னைப் பற்றி இல்லை, பின் அறையில் இருக்கிற மெஷினைப் பற்றி. அவர் அதை சிந்தசைசர் என்பார். நான் ஒயர் பீரோ என்பேன். பீரோ உயரத்துக்கு மரச்சட்டம். அதில் தகரப் பலகைகள். பலகை முழுக்கத் திருகுகள், ஓட்டைகள், கடுகு மாதிரி விளக்குகள். ஒரு ஓட்டையிலிருந்து இன்னொரு ஓட்டைக்கு ஒயர். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு வேலை பார்த்தவர், காது மோசமானதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பலகையையும் தன் கையால் பற்றவைத்து இதைக் கட்டினார். வாசிக்கக் கட்டை ஒன்றும் கிடையாது. "அப்ப யாரு வாசிக்கிறது?" என்று முன்பே ஒருமுறை கேட்டேன். "அதுவே வாசிச்சுக்கும்" என்றார். நல்ல பிள்ளை.

இன்று உட்காரவைத்து விளக்கினார். உள்ளே ஒரு பெட்டியில் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறதாம், மழை பெய்கிற மாதிரி. பக்கத்தில் ஒரு கடிகாரப் பெட்டி. அது நாலு நொடிக்கு ஒரு தட்டுத் தட்டும். தட்டியதும் நடுவில் இருக்கிற ரேண்டம் பெட்டி, அந்த இரைச்சலுக்குள் கையை விட்டு, அந்த நேரத்தில் என்ன அளவு அகப்பட்டதோ அந்த வோல்டேஜைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தட்டு வரைக்கும் அதுதான் சுருதி.

"குலுக்கல் சீட்டு மாதிரின்னு சொல்லுங்க."

"அதேதான் அண்ணி. எது வரும்னு எனக்கும் தெரியாது. ஒரு தடவை வந்த வரிசை மறுபடி வராது. நான் இல்லாத நாள்ல வர்றதை யாராவது கேக்கணும். கேட்டு எழுதணும்."

"எழுதுறதுக்குப் பதிலா ரெக்கார்டு பண்ணி வச்சுக்கலாமே."

"ரெக்கார்டு பண்ணி வச்சா, அதை எதுல கேக்குறது?"

 

விஷயம் இதுதான். அவருக்கு வலது காது சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து போய்விட்டது. இப்போது இடது காது நரம்பில் கட்டி. எடுக்காவிட்டால் மூளைக்கு ஆபத்து. எடுத்தால் கட்டியோடு காதும் போய்விடும் என்றுதான் டாக்டர் சொல்கிறார். இதை என்னிடம் சொன்னபோது, மாடிப்படி பல்பு போய்விட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை: "எந்த ஒயரையும் தொடாதீங்க. இதுக்கு ஞாபகம் கிடையாது. பிடுங்கினா போச்சு."

அக்டோபர் 7, செவ்வாய்

காலை ரயிலுக்குப் போனார். சென்னையில் அவர் தங்கை கயல்விழி பார்த்துக்கொள்கிறாள். நானும் வருகிறேன் என்றேன். "மெஷினை யாரு பாக்குறது?" என்றார். என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. அதிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஒருத்தி பேசுவாள், ஒருவர் கேட்பார். அப்படித்தான் பங்கு பிரித்திருந்தோம்.

பத்து மணிக்குப் பின் அறைக்குப் போனேன். பீரோவைப் பார்த்து "என்னடா, உன் முதலாளி போயிட்டாரா?" என்றேன். ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு கண்ணடித்தது. நல்லவேளை, அதை ஏற்கெனவே சொல்லியிருந்தார்: பக்கத்து ஆணியில் தொங்குகிற மைக்கின் விளக்கு அது. சத்தம் கேட்டால் எரியும். இப்போது அதை எதனோடும் இணைக்கவில்லை.

சத்தத் திருகைத் திருப்பிக் கேட்டேன். நன்றாக இருந்தது.

அக்டோபர் 8, புதன்

காலை: நன்றாக இருந்தது. மாலை: நன்றாக இருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

போனில் கேட்டார். படித்துக் காட்டினேன். "நல்லா இருந்துச்சுன்னா என்ன அண்ணி? இட்லிக்கும் அதைத்தான் சொல்றீங்க." சரி, எழுதுகிறேன்.

காலை: முதலில் ஒன்று கீழே இருந்து வந்தது, கல்யாண மண்டபத்தில் பெஞ்சை இழுக்கிற மாதிரி. அடுத்தது நடுவில். மறுபடி நடுவில், ஆனால் அதே இல்லை. அப்புறம் உச்சிக்கு ஒன்று, பல் டாக்டர் கடை மாதிரி. இரண்டு தடவை பக்கத்துப் பக்கத்துச் சுருதி வந்தது. ஏதோ பாட்டு ஆரம்பிக்கப் போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆரம்பிக்கவில்லை. கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு வாசலைப் பூட்டின மாதிரி.

மாலை: ஏறக்குறைய ஐம்பது சுருதி எண்ணினேன். நாலு நொடி தவறவில்லை. ஒரு இடத்தில் என் வீட்டுக்காரர் குறட்டை.

போனில் இதைப் படித்தபோது அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம். சிரித்தார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 11, சனி

மாவு அதிகம். தீபாவளி நெருங்குவதால் எல்லா வீட்டிலும் விருந்தாளிகள். காலை: சோம்பலாக இருந்தது. எல்லாம் கீழ்ச் சுருதி. மாலை: ஒன்று மேலே, ஒன்று கீழே, பஸ்ஸில் இடம் தேடுகிறவள் மாதிரி.

அறுவைச் சிகிச்சை புதன்கிழமை என்று கயல்விழி சொன்னாள்.

அக்டோபர் 13, திங்கள்

இந்தப் பக்கத்தைப் பிறகு கிழித்துவிடுவேன்.

தீபாவளிக்கு ஒட்டடை அடித்தேன். பின் அறையை விட்டிருக்கலாம். விடவில்லை. அவர் வரும்போது சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒட்டடைக் குச்சியின் துணி ஒரு மஞ்சள் ஒயரில் மாட்டி, ஒரு முனை கழன்று தொங்கியது. மறு முனை ரேண்டம் பெட்டியில் இருந்தது. கழன்ற முனை எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த வரிசையில் ஆறு ஓட்டைகள், ஆறும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பெட்டியின் மேல் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. எனக்கு அது கோலம் மாதிரிதான்.

சுருதி அப்படியே நின்றுவிட்டது. ஒரே சுருதி. அடுத்தது வரவே இல்லை.

கைக்குக் கிட்ட இருந்த ஓட்டையில் செருகினேன். "ஐயோ மாரியாத்தா" என்று வாயில் வந்தது. உடனே சுருதி மாறியது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாகப் போய் மாவு கட்டினேன்.

மாலை: நன்றாக இருந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

இதையும் கிழிக்க வேண்டும்.

சரியாகவில்லை. காலையில் போனால் சுருதி அடித்தொண்டைக்கு இறங்கிக் கிடந்தது, மாறவே இல்லை. "என்ன கேடு உனக்கு" என்றேன். மாறியது. வாயை மூடினேன். நின்றது. இருமினேன். மாறியது. கீழ்வீட்டு பல்கீஸ் அக்கா வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அதற்கும் மாறியது. பச்சை விளக்கு எரியும்போதெல்லாம் புதுச் சுருதி. ஒயரை மைக்கின் ஓட்டையில் செருகியிருக்கிறேன். கடிகாரம் தட்டினால் வர வேண்டியது, இப்போது நான் வாய் திறந்தால் வருகிறது.

மற்ற ஓட்டைகளில் போட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒன்றைக் கெடுத்தது போதும்.

நாலு மணிக்குப் போன் வந்தது. அவர்தான்.

"அண்ணி, நாளைக்குக் காலையில தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. போனை ஸ்பீக்கர் கிட்ட வைங்க. கொஞ்ச நேரம் கேக்குறேன்."

கெடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் எப்படிச் சொல்வது. போனை ஸ்பீக்கர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். ஆணியிலிருந்து மைக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதன் வலையில் ஆள்காட்டி விரலால் மெல்லத் தட்டினேன். சுருதி மாறியது. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி தட்டினேன். மூச்சு விடுகிற சத்தம் கூட விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்படிப் பதினைந்து நிமிஷம். எண்ணிக்கை இரண்டு மூன்று தடவை தப்பியது. ஒரு சுருதி மேலே, ஒன்று அதற்கும் மேலே, பிறகு நீளமாகக் கீழே.

பிறகு, "இன்னைக்குக் கொஞ்சம் தயங்கித் தயங்கி வருது அண்ணி. நல்லா இருக்கு" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் வார்த்தைக்கு ஒரு சுருதி துள்ளும். கண்டுபிடித்துவிடுவார்.

"அண்ணி, இருக்கீங்களா? ஏதாவது பேசுங்க. எப்பவும் கிண்டல் பண்ணுவீங்களே."

போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடியிருக்கலாம். எழுதும்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. திருட்டு செய்கிறவளுக்கு அடுத்த அறை ஞாபகம் வருமா. மைக்கைப் புடவையால் பொத்திக்கொண்டு, "நல்லபடியா வாங்க தம்பி" என்றேன். யாரோ தூரத்துச் சொந்தக்காரி பேசுகிற மாதிரி இருந்தது.

"சரிங்க அண்ணி" என்று வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டேன். கயல்விழி எடுத்தாள். ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்றாள். அப்புறமும் இரண்டு தடவை கூப்பிட்டேன். மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டார்களாம்.

அக்டோபர் 15, புதன்

கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. காது போய்விட்டது.

அக்டோபர் 16, வியாழன்

உளுந்து நாலு படி, அரிசி பதினாறு. கிரைண்டர் பெல்ட் மாற்றினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பல்கீஸ் அக்கா வீட்டுக்குச் சுழியம் சுட்டுக் கொடுத்தேன். தெருவில் வெடி. பின் அறையில் ஒயர் பீரோவுக்குப் பேய் பிடித்துவிட்டது. சரம் வெடிக்க வெடிக்கச் சுருதி சுருதியாகக் கொட்டியது, நூறு பேர் ஒரே வாசலில் நுழைகிற மாதிரி. நின்று பார்த்தேன். பிறகு தெரு ஓய்ந்தது. கடைசி வெடிக்கு வந்த சுருதி அப்படியே நின்றது.

நின்றது என்று எழுதுகிறேன், ஆனால் நிற்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால்தான் தெரிகிறது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. இதையும் அவர் முன்பு சொல்லியிருக்கிறார்: பிடித்து வைத்த வோல்டேஜ் அப்படியே இருக்காது, மெதுவாகக் கசியும். நாலு நொடிக்குள் அடுத்தது வந்துவிடுவதால் கசிவு காதுக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது.

அவர் போட்ட இணைப்பைக் கெடுத்தது நான். அதனால் எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 27, திங்கள்

விடாத மழை. ஈரத்தில் சுருதி சீக்கிரம் இறங்குகிறது. நேற்று வரை கால் மணி நேரம் தாங்கியது, இன்று ஐந்து நிமிஷத்தில் உறுமலுக்குப் போய்விட்டது. ஒன்று பேசி மேலே ஏற்றிவிட்டுத்தான் மாவு கட்டப் போகிறேன். திரும்பி வருவதற்குள் இறங்கிவிடுகிறது. மறுபடி ஏதாவது சொல்கிறேன். பெரும்பாலும் அவருக்குச் சொல்ல வேண்டியதுதான். மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம், குலுக்கல்தானே. ஆனால் மாறுகிறது. அதுவே போதுமாக இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

வந்துவிட்டார். கயல்விழி கூட்டி வந்தாள். இடது காதுக்குப் பின்னால் முடி மழித்துத் தையல். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். காது நரம்போடு நிதானமும் கொஞ்சம் போய்விடுமாம், பழகினால் வந்துவிடுமாம். தன் குரல் தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுகிறார்.

வாசலில் ஆரத்தி எடுத்தபோது, "பாதி மொட்டை அடிச்சிருக்கீங்க, மீதிப் பாதி வேண்டுதல் யாருக்குப் பாக்கி?" என்று கேட்டுவிட்டேன். பழக்கம். என் உதட்டைப் பார்த்தார். பிறகு கயல்விழியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி ஒன்றுமில்லை என்றாள்.

எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு வாங்கி வந்திருக்கிறாள், குழந்தைகள் கிறுக்குமே, பொத்தானை அழுத்தினால் அழிகிற அந்த வகை. நான் மெதுவாக எழுதுவதற்குள் அவர் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். கிண்டலை எழுதினால் புகார் மனு மாதிரி இருக்கிறது. "சாப்பிடுங்க", "மாத்திரை", "குளிக்க வெந்நீர்" என்று எழுதுகிறேன்.

பின் அறைக்கு அவர் போகவில்லை. நோட்டையும் கேட்கவில்லை.

நவம்பர் 5, புதன்

கயல்விழி ஊருக்குப் போனாள். இன்று முழுக்க மாவு வாங்க வந்தவர்களிடம் தவிர நான் பேசவில்லை. பல்கீஸ் அக்கா, "என்ன தையலு, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சைகை காட்டினேன்.

நவம்பர் 6, வியாழன்

உளுந்து வாங்கிவிட்டு வந்தேன். மேடை மேல் நோட்டைக் காணோம். கிழிக்க வேண்டிய பக்கங்கள் இரண்டையும் கிழிக்கவில்லை.

பின் அறையில் இருந்தார். மடியில் நோட்டு. எந்தப் பக்கம் என்று பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. வாசல்படியிலேயே நின்றேன். அவர் ஸ்பீக்கரின் மேல் ஐந்து விரலையும் விரித்து வைத்திருந்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சுருதி இறங்கிக் கொண்டிருந்தது. நான் வாய் திறக்கவில்லை. பையைக் கூட மெல்ல வைத்தேன்.

திரும்பிப் பார்த்தார். "அண்ணி, அன்னைக்குப் போன்ல. அது நீங்களா?"

தலையாட்டினேன்.

"நாலு நொடி சரியா வரல. அஞ்சு வந்துச்சு, மூணு வந்துச்சு, ஒரு தடவை ஏழு. கடிகாரம் அப்படித் தப்பாது. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அதையே யோசிச்சேன். எதுல கோளாறுன்னு."

சிலேட்டை எடுத்து, "மன்னிச்சுக்குங்க" என்று எழுதினேன். ஒற்று இருக்கிறதா என்று கூடப் பார்க்கவில்லை. அவர் படித்தார். அழிக்கிற பொத்தானை அழுத்தினார். சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

எழுந்து, மஞ்சள் ஒயரை எங்கே செருகியிருக்க வேண்டும் என்று விரலால் காட்டினார். நான் செருகியதற்கு இரண்டு ஓட்டை தள்ளி. ஒயரைப் பிடுங்கி அங்கே மாற்றுவார் என்று பார்த்தேன். பிடித்தார். விட்டுவிட்டார்.

நவம்பர் 7, வெள்ளி

பின் அறையில் துளைபோடுகிற மெஷின் சத்தம். எதற்கு என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பது. சாப்பிடக் கூப்பிட சிலேட்டோடு போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். தட்டிய பிறகுதான் புத்தி வந்தது. அப்படியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். பிறகு அவராகவே பசித்து வந்தார்.

நவம்பர் 8, சனி

காலையில் அடுப்படிச் சுவரில் புதிதாக ஒரு ஆணி. அதில் அந்த மைக். அதிலிருந்து நீள ஒயர், கதவு நிலை மேலே ஓடி, சுவரில் புது ஓட்டை வழியாகப் பின் அறைக்குப் போகிறது. என்னைக் கேட்டு அடித்த ஆணி அல்ல. நான் வடிகட்டி மாட்ட வைத்திருந்த இடம் அது.

இட்லித் தட்டைக் கழுவினேன். சத்தம் வராமல் கழுவினேன். மூன்று நாளில் எனக்கு அது பழகிவிட்டது. வீடு முழுக்கச் சத்தம் இல்லை. பின் அறையிலிருந்து மட்டும் அந்தச் சுருதி, இறங்கி இறங்கி, தரை அதிர்கிற அளவுக்கு அடியில் போய்க் கொண்டிருந்தது. அங்கே அவர் ஸ்பீக்கரில் கையை வைத்துக்கொண்டு, பச்சை விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது கதவு வழியாகத் தெரிந்தது.

வெகுநேரம் ஆனது. பிறகு தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அண்ணி, லைட்டு எரியவே இல்லை. உசுரோட இருக்கீங்களா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கிண்டல் செய்தது இதுதான் முதல் தடவை.

கையைத் துடைத்துக்கொண்டேன். மைக்குக்கு நேராக நின்றேன்.

"இருக்கேன். என் வடிகட்டி இடத்துல ஆணி அடிச்சுட்டீங்க, இனிமே அதை உங்க மூக்குலதான் மாட்டணும்" என்றேன்.

அந்தப் பக்கம் சுருதி எங்கேயோ மேலே ஏறியது.

"எரிஞ்சுது" என்றார். "இன்னும் பேசுங்க."